ஆறு மாதம் ஒன்பது நாள்

அந்தக் கம்ப்யூட்டர் சாரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் எட்டாவது படிக்கும்போது தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கு முதன்முதலாக இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஆண்டு விழாக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு புரோகிராம் எழுதச் சொன்னார் சார். இரண்டு பேருடைய பிறந்த தேதியைக் கொடுத்தால், யார் மூத்தவர், எத்தனை வருடம், மாதம், நாள் மூத்தவர் என்று சொல்லும் புரோகிராம் என்னுடையது. கேட்க எளிது, எழுதிப் பார்த்தால்தான் தெரியும். முப்பது நாள் மாதம், முப்பத்தொரு நாள் மாதம், போதாததற்கு இந்தப் பிப்ரவரி வேறு. லீப் வருடத்துக்கென்றே தனியாக நாலு வரி எழுதினேன். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை அது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சார் சோதித்துப் பார்த்தார். அக்காவும் நானும் ஒரே வகுப்பு. பள்ளி ரிஜிஸ்டரை எடுத்து எங்கள் இருவர் தேதியையே தட்டினார். அக்கா ஜனவரி இரண்டு, நான் அதே வருடம் ஜூலை பதினொன்று. அக்கா ஆறு மாதம் ஒன்பது நாள் மூத்தவள் என்று திரையில் வந்தது.

“இன்னாமா இது? ஒரே வயித்துல பொறந்தவங்களுக்கு ஆறு மாசந்தான் வித்தியாசமா?”

வகுப்பே சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தாள், துரோகி.

“ரிஜிஸ்டர்ல இருக்கறதத்தான சார் அடிச்சீங்க?”

“ரிஜிஸ்டர் தப்பா இருக்குமா? உன் புரோகிராம்தான் தப்பு.”

அதோடு சரி. என் புரோகிராமைத் தூக்கிவிட்டு, ஒருவன் எழுதிய தாமரை வரையும் புரோகிராமை வைத்தார். அந்தத் தாமரைக்கு ஒரு பக்கம் இதழே இல்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பேப்பரில் கணக்குப் போட்டேன். அதே ஆறு மாதம், அதே ஒன்பது நாள். தோல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்த அம்மாவை வாசலிலேயே மறித்தேன். முகத்தைத் துடைத்தபடி அம்மா சொன்னாள்:

“மாசமும் தேதியும் கரெக்டுதான். வருஷத்ததான் ஒண்ணு முன்னாடி சொல்லிட்டேன். அக்காகூட உன்னையும் சேக்கணும்ல?”

“பொய் சொன்னது நீ, மாட்னது நானா? நாளைக்கு வந்து சார்கிட்ட சொல்லு!”

“சொன்னா சர்டிபிகேட்டு பேஜாராயிடும். வுட்டுடுமா.”

என்ன அநியாயம் இது! என் லீப் வருடம் சரி, என் பிப்ரவரி சரி, தப்பு முழுக்க அம்மாவுடையது. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எங்களைப் பள்ளியில் சேர்த்த வருடம்தான் அப்பாவின் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அவர் வேலை தேடி அலைய, காலை எட்டு மணிக்குள் அம்மா பம்மலில் கம்பெனி கேட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். என் தேதியோடு அதற்கு ஒரு சம்பந்தம் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

அந்த ஒரு வாரமும் எனக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றாம் வகுப்பு டீச்சரின் நினைவு. என் அருமை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும், அத்தனை பிள்ளைகளில் என்னை மட்டும் தன் நாற்காலிக்குப் பின்னால் துண்டு விரித்துத் தூங்க வைப்பார். வகுப்பிலேயே கெட்டிக்காரி நான் என்பதால்தான் அந்தச் சலுகை என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.