இடது பக்கம் மட்டும் சத்தம் குறைவு

வீட்டு ஸ்டீரியோவில் இடது ஸ்பீக்கர் பாக்ஸ் மட்டும் கொஞ்ச நாளாகவே மந்தமாகக் கேட்டது. பழியை வயர் மேல் போட்டேன். மலிவு விலைக்கு வாங்கின மெல்லிசு வயர்தானே!

இன்று காலை வடசேரியில் ஒரு கடைக்குப் போய், நல்ல தடியான செம்பு வயர் கேட்டேன்.

கடைக்காரர் சொன்னார்: "அண்ணாச்சி, ரெண்டு மீட்டர் தூரத்துக்கு அந்த வயரே தாராளம். முதல்ல இடதையும் வலதையும் மாத்திக் குடுத்துப் பாருங்க."

கேட்பேனா? வாங்கிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

புது வயர் மாட்டினேன். இடது பக்கம் அதே மந்தம். கடைசியில் பாக்ஸ் ரெண்டையுமே இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடது பக்கம்தான்!

சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி செல்வி மெதுவாகச் சொன்னாள்: "பாக்ஸுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க, பாப்போம்."

உட்கார்ந்தேன். அதுவரை மந்தமாக இருந்த பாக்ஸ் கணீரென்று கேட்டது. மற்றது மந்தமாகிவிட்டது.

கோளாறு என் இடது காதில்.

"ஏட்டி, உனக்கு முன்னமே தெரியுமா?"

"அந்தப் பக்கம் இருந்து பேசினா பதிலே வராது. பின்ன எதுக்கு ஒரு வருசமா நான் உங்க வலது பக்கம் வந்து இருக்கேன்?"

ஃபேன் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

நாளைக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறாளாம்.

செம்பு வயர் சும்மா கிடக்கிறது. வேண்டியவர்கள் வீட்டுக்கு வாருங்கள். இடது பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்.

வலது பக்கம் ஆள் இருக்கிறது.