மஞ்சள் அட்டையில் ஸ்பெஷல்

பென்டில் ஹில் சுப்பர்மார்க்கெட்டில் தோல் சுருங்கின கத்தரிக்காய்க்கு மேல் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும்: ‘ஸ்பெஷல்’. நான் வந்து குடியேறின இந்த வெள்ளைக்கார நாட்டில் ஸ்பெஷல் என்றால் விலை குறைத்துத் தள்ளிவிடுகிற சாமான். நானோ அந்தச் சொல்லுக்காக நாலு வருஷம் மண்டையை உடைத்துப் படித்தவள். ஊரில் எங்கள் கம்பஸில் நன்றாகச் செய்த சிலரைத்தான் நாலாம் வருஷத்துக்கு எடுப்பார்கள். அதுதான் ஸ்பெஷல் டிகிரி. மற்றவர்களுக்கு மூன்று வருஷத்தோடு ஜெனரல். கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் என்றால் கல்யாணப் பேச்சில்கூட ஒரு படி மேல்.

லிட்கம் என்கிற பக்கத்து இடத்தில் உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டினேன். கெமிஸ்ட் வேலை காலியானதும் விண்ணப்பித்தேன். மனேஜர் கிரெய்க் என் சி.வியைப் பார்த்தார். முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு, “ஸ்பெஷல்... படிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கானதா?” என்று செவிடிக்குச் சொல்வதுபோல உரத்துக் கேட்டார். அட கடவுளே! விளங்கப்படுத்தினேன். “குட் ஆன் யூ” என்று சின்னப்பிள்ளையைப் பாராட்டுவதுபோலச் சொன்னார். அவர் பிழையாகக் கலக்குகிற கரைசலைச் சத்தமில்லாமல் திருத்திவைப்பதே நான்தான். வேலை கிடைக்கவில்லை.

என்னோடு லேபல் ஒட்டிய டெனிஸ் அமெரிக்கக் கறுப்பினப் பெண். வெள்ளையர் கல்லூரிகள் கதவைச் சாத்திய காலத்தில் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று எழுப்பிய கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி முடித்தவள். அவளோடு படித்தவர்கள் அங்கே டொக்டர்மார், நீதிபதிமார். இங்கே உள்ள மேதாவிகளோ, “வேறு இடம் கிடைக்கவில்லையா?” என்று கேட்பார்களாம். சீ, இவர்களிடமா நாங்கள் தராதரம் நிரூபிக்க வேண்டும்?

அடுத்த வருஷம் அதே வேலை மறுபடி காலியானது. பக்கத்து வீட்டு மதுரைக்காரி ரேவதி, “அந்த ஸ்பெஷலைத் தூக்கிடுங்கக்கா. யுனிவர்சிட்டி பேரையும் கடைசில சின்னதா போடுங்க” என்றாள். அப்படியே செய்தேன். அதே வேலைக்கு விண்ணப்பித்த டெனிஸ், தான் எதையும் மறைக்க மாட்டேன் என்றுவிட்டாள். அவள் கல்லூரியின் பெயர் முதல் வரியிலேயே பெரிதாக நின்றது.

வேலை எனக்குக் கிடைத்தது. டெனிஸ் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, “எதை வெட்டினாய்?” என்று கேட்டாள். கிரெய்க்கை மனதுக்குள் எவ்வளவு கேவலமாக ஏசியிருப்பேன்! அன்றைக்கு அதெல்லாம் எனக்கே வந்து சேர்ந்தது.

போன கிழமை சுப்பர்மார்க்கெட்டில் நிற்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் மகள் போன் எடுத்தாள்.

“சின்னம்மா, எனக்கும் கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் கிடைச்சிட்டுது! உங்கட சேர்ட்டிபிக்கட்டுக்குக் கீழதான் நிண்டு கதைக்கிறன். அங்க இதுக்கு நல்ல மதிப்புத்தானே?”

அக்கா வீட்டுச் சுவரில் அந்தச் சொல் இன்னும் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. எனக்கு மேலே மஞ்சள் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

“ஓம் பிள்ளை,” என்றேன். “நல்ல மதிப்பு.”