ஆமைக் காரின் புகையும் மகளின் மூச்சும்

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் கணவருக்கு அவருடைய ஆமைக் கார், ஆமை ஓடு மாதிரி முதுகு வளைந்த பழைய ஜெர்மன் கார். கிள்ளானில் என்னைப் பெண் பார்க்க அதில்தான் வந்தார். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்ததைவிட வாசலில் நின்ற காரைத்தான் அதிகம் பார்த்தார் என்று என் அக்கா இன்றும் கேலி செய்வாள். பொய் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அந்தக் காருக்கு இஞ்சின் பின்னால். ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் வேண்டாம், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். ஆனால் அதன் புகை இடுக்கு வழியாகப் பின்சீட்டுக்கு வந்துவிடும். அங்கே உட்காருபவள் எங்கள் மகள், அவளுக்கோ ஆஸ்துமா இழுப்பு. "காரை மாத்துங்க, இல்லன்னா பிள்ளைய அதுல ஏத்தாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்றுவிடுங்கள் என்றேன். மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

ஈயம் கலக்காத பெட்ரோல் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. அந்தப் பெட்ரோலில் ஓடும் புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறதாம், அதைப் பழைய காருக்கும் மாட்டலாமாம். எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தார். ஜப்பானிலிருந்து உதிரி பாகங்களுக்காகப் பாதியாக அறுத்து வரும் கார்களை விற்கும் கிள்ளான் கடையில் ஒன்றைப் பிடித்தார். பக்கத்துப் பட்டறைக்காரர் அதைப் புகைக்குழாயில் வைத்துப் பற்றவைத்தார்.

"பாஸ், கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் ஜாஸ்தியா வருது. குறைக்கணும். இல்லன்னா எரியாத பெட்ரோல் இந்தக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு, இது ரொம்ப சூடாயிடும்."

"அத மட்டும் தொடாதீங்க லா. குறைச்சா ஜாம்ல இஞ்சின் வெந்துடும்."

இந்த ஊரில் ஆமைக் கார் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அதே நம்பிக்கைதான். காற்றை மட்டும் நம்பி ஓடும் இஞ்சின், கோலாலம்பூர் வெயிலில், நகராத நெரிசலில் நின்றால் என்ன ஆகும்? பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாக விட்டால் சூடு தணியும் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பூஜை போட்டு, புதுக் காருக்குப் போல எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும் என்றார். மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சுங்கை வே அருகே பெரிய ஜாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. பிறகு மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, பின்னாடி செவப்பா எரியுது."

பதறி ஓரம் கட்டினோம். கன்வெர்ட்டர் அடுப்புக் கரி மாதிரி கனன்றுகொண்டிருந்தது. மகளைத் தூக்கிப் புல்லில் உட்கார வைத்து, இன்ஹேலரை வாயில் வைத்தேன். அவள் மார்பு ஏறி ஏறி இறங்கியது. எனக்கு வந்த கோபத்தில் ரோடு என்றும் பார்க்கவில்லை.

"உங்க இஞ்சின் குளுகுளுன்னு இருக்கு. பிள்ளைக்குத்தான் மூச்சு வரல."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன், ஆளை நம்ப முடியாதே.

"பெட்ரோல குறைச்சிடுங்க."

"இஞ்சின் தாங்குமான்னு தெரியல பாஸ். நல்லா யோசிச்சீங்களா?"

"போனா போகட்டும்."

அதன் பிறகு நாற்றமும் இல்லை, புகையும் தெரியவில்லை. மகள் பின்சீட்டில் கெரோப்போக் அப்பளம் கொறித்துக்கொண்டு பாட்டுப் பாடினாள். அவர் மட்டும் ஒவ்வொரு சிக்னலிலும் இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி இருப்பார்.

அந்த வருடக் கடைசியில், பங்சார் மேட்டில் ஏறும்போது பின்னால் இரும்பு உடைகிற சத்தம் கேட்டது. கார் நின்றுவிட்டது. இஞ்சின் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இறங்கவில்லை, இஞ்சின் மூடியைத் திறக்கவும் போகவில்லை. சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த மகளின் மார்பில் காதை வைத்தார்.

"இழுப்பே இல்லம்மா" என்றார்.

அந்தக் காருக்காக அன்றைக்கு அழுதது நான்தான்.