டீ கிளாஸ் வட்டம்

நானும் அவரும் அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், மூலை கிழிந்த ஓர் அட்டைப்பெட்டியின் மூடியை நான் பிடித்திருந்தேன். அடிப்பாகத்தை அவர் பிடித்திருந்தார்.

"இன்னா மேடம், ஒரு வாரமா இதுக்குன்னே வந்துக்கினு கீறேன். நீங்க பாட்டுக்குத் தூக்கிக்கினு போனா எப்டி?"

"ஒரு வாரமா வர்றவர் முதல் நாளே வாங்கிட்டுப் போயிருக்கலாமே."

அவர் சிரித்துவிட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் பெட்டி அவருக்கு, ஆட்டத்தில் ஓர் இடம் எனக்கு என்று முடிவானது.

பெட்டிக்குள் இருந்தது நாற்பது வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் அச்சான ஒரு கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். நான் சுவரேறிக் குதிக்கிறேன் என்று சொல்லலாம். குதித்தேனா, காலை உடைத்துக்கொண்டேனா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். இப்படிப்பட்ட பழைய பெட்டிகளைத்தான் நான் சேர்க்கிறேன். மயிலாப்பூர் வீட்டு பீரோவில் புடவைக்கு ஒரு தட்டு, இவற்றுக்கு மூன்று தட்டு. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள் சொப்பு வைத்து விளையாடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

அவருக்குச் சைதாப்பேட்டை கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே கூடுவோம். கே.கே. நகரிலிருந்து ஒரு பல் டாக்டர், தி. நகரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார், நான். அவர்தான் கதையை நடத்துவார். பெட்டியோடு வந்த ஆட்டப் புத்தகத்தில் இருந்த வெளிநாட்டுக் கோட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதிரிப் படைக்குப் பயந்து ஒளிந்துகொண்ட ஒரு ராணியைக் கொண்டுவந்தார். அவளைத் தேடிப் போகிறவர்கள் நாங்கள் மூவரும். மூன்று வருஷம் தேடினோம். புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். ஆடுகிறவர்கள் அதைப் படிக்கக்கூடாது. கதை நடத்துகிறவரின் குறிப்பைப் படிப்பது எங்களுக்குள் திருட்டுக்குச் சமம்.

நான் அடையாறில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். யாராவது புத்தகத்தை மடக்கிப் பிடித்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு ஞாயிறு அவர் மனைவி டீ கொண்டுவந்து, பிரித்து வைத்திருந்த வரைபடப் பக்கத்தின் மேலேயே ஒரு கிளாஸை வைத்துவிட்டாள். எடுத்தபோது பழுப்பாக ஒரு வட்டம்.

"கண்ணு தெரியலையா? நாற்பது வருஷத்துப் புத்தகம் இது" என்று கத்திவிட்டேன். அவள் வீட்டில், அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு.

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் என்னையும் கடிந்துகொள்ளவில்லை. பென்சிலை எடுத்து அந்த வட்டத்தைச் சுற்றிப் படிக்கட்டு வரைந்தார், பக்கத்தில் ஒரு வேப்பமரம் வரைந்தார். "கோச்சிக்காதீங்க மேடம். இது கெணறு. ராணி இதுக்குள்ளதான் எறங்கிப் போனா" என்றார். அன்றிலிருந்து கதை கிணற்றுக்குள் போயிற்று. அவர் மனைவி அதற்குப் பிறகு மேஜைப் பக்கம் வருவதில்லை. டீயை டி.வி. ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிடுவேன்.

ஒரு தடவை அவர் அந்தப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும் என்று தடுத்தவள் நான்தான். ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்த மனிதர், என் பேச்சைக் கேட்டு அதில் ஒரு பக்கம்கூட எடுக்கவில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்றார்கள். ஆபரேஷனுக்குப் போகுமுன் பெட்டியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "வீட்ல சொவரு ஓதம் அடிக்குது. ஒரு வாரம் உங்களாண்ட இருக்கட்டும். வந்ததும் ராணியக் கண்டுபுடிச்சிரலாம்."

"குறிப்பெல்லாம்?"

"அதெல்லாம் மண்டைல கீது மேடம்."

வெளிநாட்டில் இந்த ஆட்டங்களைச் சேர்க்கிறவர்கள் தங்கள் பெட்டிகளைப் போட்டோ எடுத்து நெட்டில் போடுவார்கள். ஒரு கீறல் இருக்காது. அதை அவர் போனில் பெரிதாக்கிப் பார்த்து, "நம்மளுது எப்டி கிறுக்கி வெச்சிகிறேன் பாருங்க" என்று பெருமூச்சு விடுவது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் திரும்பி வரும்போது புத்தகம் புதிது போல இருக்கட்டும் என்று நினைத்தேன். நூலகத்தில் தினமும் செய்கிற வேலைதானே. மென்மையான ரப்பரும் சின்ன பிரஷும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். துருப்பிடித்த பின்களை மாற்றினேன். பென்சில் எழுத்துகளை அழித்தேன். கதை முன்கூட்டியே தெரிந்துவிடக்கூடாதே என்று, அழிக்கிற வரியைத் தவிர மற்றதைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டேன். அந்த வரியையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே அழித்தேன். இவ்வளவு நேர்மையாக ஒரு முட்டாள்தனத்தை வாழ்க்கையில் நான் வேறெப்போதும் செய்ததில்லை.

படிக்கட்டு போயிற்று, வேப்பமரமும் போயிற்று. டீக்கறை மட்டும் எதற்கும் மசியவில்லை. அதன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். பல் டாக்டர்தான் போன் செய்தார். நான் போனேன், மாலை போட்டேன், அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது நல்லதாயிற்று என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவர் மனைவி பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அந்த புக்கு உங்களாண்ட கீதுன்னாருக்கா."

"இருக்கும்மா. காபி போடட்டுமா?"

"வேணாங்க்கா. அடுப்பாண்ட நின்னுக்கினு மூணு வருசம் கேட்டேன், அந்த ராணி கதைய. ஆஸ்பத்திரில கூடக் கேட்டேன், ராணி கெணத்துலேர்ந்து வந்தாளா இல்லியான்னு. அந்த டாக்டருக்கும் வாத்தியாருக்கும் மின்ன உனக்குச் சொல்லக்கூடாது, எல்லாம் புக்ல எழுதி வெச்சிகிறேன், வந்து படிச்சுக் காட்றேன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க படிச்சுக் காட்றீங்களா?"

அவள் வேண்டாம் என்றும் நான் காபி போடப் போனேன். பால் பொங்கி வழிகிறவரை சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அதற்கு நான் புதிதாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை பளபளவென்று இருந்தது.

அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். திரும்பவும் முதலிலிருந்து திருப்பினாள்.

"எங்கக்கா எழுதிகிறாரு?"

சொன்னேன். சுத்தமாக இருந்தால் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து நான்தான் அழித்தேன் என்றேன். படிக்காமலே அழித்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது.

"ஒரு எழுத்துகூட உடலியா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "எனக்கு அவரு ஒரு லெட்டர் எழுதுனதில்லக்கா. கடை போர்டுகூடப் பெயின்டரு எழுதுனதுதான். எழுதுனதெல்லாம் இதுலதான்" என்றாள்.

அப்போது வரைபடப் பக்கம் வந்தது. அவள் விரல் அந்தப் பழுப்பு வட்டத்தின் மேல் நின்றது.

"இது நான் வெச்ச கிளாசு. அன்னிக்கு நீங்க கத்துனீங்க."

"கத்தியிருக்கக்கூடாதும்மா. தப்பு என்னோடது. உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும்." பிறகு மிச்சத்தையும் சொன்னேன். "நீ உள்ள போனதும் அவர் இதைச் சுத்திப் படிக்கட்டு வரைஞ்சார். இதுதான் கிணறுன்னார். ராணி இறங்கிப் போன கிணறு இதுதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட சொல்லவேல்லியே."

புத்தகத்தை மடியில் நன்றாக விரித்து, அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள். முதுகு படக்கென்று உடைகிற சத்தம் கேட்டது. நான் கையை நீட்டித் தடுக்கவில்லை. வட்டத்தை விரலால் ஒரு முறை சுற்றி வந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்ப ராணி வெளிய வந்தாளாக்கா?"

"தெரியாதும்மா" என்றேன்.