ஒரு மெத்தையும் ஒரு மணித்தியாலமும்

என் மகள் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறாள். போன ஞாயிறு ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், புட்டைக் குழைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இடம் எண்டு ஒண்டு தனிய இருக்குதா? இல்லாட்டி திங்ஸ் இருக்கிறபடியாலதான் இடம் எண்டு சொல்லுறமா?"

மூன்று பேருக்கு நான்கு குளியலறை உள்ள வீட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "முதல்ல சாப்பிடு" என்றேன். அவள் விடுவதாக இல்லை. இரண்டு பொருட்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க முடியாது, ஆனபடியால் நேரத்தை விட்டுவிட்டு இடத்தைப் பற்றிப் பேசவே ஏலாது என்று எனக்கு விளக்கம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாடத்தை அவள் பிறப்பதற்கு முன்பே மோர்னிங்சைட் பகுதியில் ஒரு மெத்தையில் படுத்துப் படித்தவன் நான்.

நான் ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருடம் அது. ஒரு அப்பார்ட்மெண்டில் ஏழு பேர் இருந்தோம், மெத்தைகள் நான்கு. என் மெத்தைக்கு இன்னொரு பங்காளி இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அண்ணை. எனக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. அவருக்குப் பகலில் ஒரு வேலை, மாலையில் இன்னொன்று. காலை ஏழரைக்கு அவர் ஒரு லிஃப்டில் இறங்குவார், நான் மற்ற லிஃப்டில் ஏறுவேன். நான் குடிவந்த அன்று இரண்டு நிமிடம் முகம் பார்த்துக்கொண்டதுதான், பிறகு எட்டு மாதம் காணவில்லை. ஆனாலும் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். இடது பக்கம் சரிந்து படுப்பார், மெத்தையில் அந்தப் பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. தலைக்கு நல்லெண்ணெய் வைப்பார், எங்கள் ஒரே தலையணையில் அது மணக்கும். முதலில் அருவருப்பாக இருந்தது, போகப்போக அந்த மணம் இல்லாமல் நித்திரை வராது என்றாகிவிட்டது. இன்றைக்கும் எங்காவது நல்லெண்ணெய் மணந்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

ஒக்ரோபர் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, தொழிற்சாலை வான் என்னை வாசலில் இறக்கிவிட்டது. என் கைக்கடிகாரத்தில் ஏழரை. மேலே போய்க் கதவைத் திறந்தால், அண்ணை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேருமே திடுக்கிட்டுப் போனோம்.

"என்ன தம்பி, வேளைக்கு வந்திட்டீர்? வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

"இல்லை அண்ணை, உங்களுக்குத்தான் நேரம் போயிட்டுது. ஏழரையாச்சு."

"ஆறரைதான். குளிர்காலம் வருகுதெண்டு ராத்திரி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிப் போட்டாங்களாம். பெடியள் சொன்னவங்கள்."

"நேரத்தையும் திருப்பலாமோ?"

"இஞ்ச திருப்பலாம் போலக் கிடக்கு" என்று சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. எட்டு மாதம் ஒரே மெத்தையில் படுத்தவருக்குப் பல் இல்லை என்பதை அன்றுதான் கண்டேன்.

எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்துவிட்டு, அறைக்குள் போய் ஒரு பையை எடுத்துவந்தார். உள்ளே ரோசா நிறத்தில் ஒரு சட்டை. மனைவியும் மகளும் கொழும்பில் இருந்தார்கள். மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, அந்த ஞாயிறு பின்னேரமே கொழும்புக்குப் புறப்படும் ஒருவரிடம் சட்டையைக் கொடுத்துவிட வேண்டும். எத்தனை வயது என்று கேட்டேன். ஆறு முடிகிறது என்றார். சட்டையை விரித்துப் பார்த்தேன்.

"அண்ணை, இது ஆறு வயசுப் பிள்ளைக்குக் காணாது."

"காணும் தம்பி. அவள் இவ்வளவுதான்" என்று இடுப்புக்குச் சற்றுக் கீழே கையைப் பிடித்துக் காட்டினார்.

அது மூன்றரை வருடத்துக்கு முன் அவர் விட்டுவிட்டு வந்த நாளில் இருந்த உயரம். வயதைச் சரியாகச் சொல்லும் மனிதர், உயரத்தை விமான நிலையத்திலேயே நிறுத்திவைத்திருந்தார். "அண்ணியிட்ட அளவைக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எப்பிடிக் கேக்கிறது? பெத்த பிள்ளையின்ர உயரம் தெரியேல்லை எண்டு அவ அழுவா. பிள்ளைக்கும் விளங்கிப் போடும், அப்பாவுக்குத் தன்னைத் தெரியாதெண்டு."

ஊரில் என் சொந்த அக்காவின் மகளுக்கும் அதே வயதுதான். நான் புறப்படும்வரை அவளைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான். மேடுபள்ளத்தில் அவள் தலை என் நாடியில் இடிக்கும். ஒரு கதிரையில் உட்கார்ந்து, சைக்கிள் ஓடுவதுபோல் கைகளை நீட்டிக்கொண்டு, பாரில் பிள்ளை இருப்பதுபோல் சட்டையை எனக்கு முன்னால் பிடிக்கும்படி அண்ணையிடம் சொன்னேன். என் நெஞ்சுக்கு வரவேண்டிய அதன் கழுத்து வயிற்றைத் தாண்டவில்லை. அண்ணை என் நாடியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "இவ்வளவு வளந்திட்டாளோ" என்றார். பிறகு நிலத்தில் குந்தியிருந்து அழுதார். எனக்கும் தாங்க முடியவில்லை, நானும் சேர்ந்து அழுதேன்.

ஏழரைக்கு அவர் போய்த்தானே ஆகவேண்டும். பையையும், சட்டை வாங்கிய கடையின் ரசீதையும், பயணக்காரரின் விலாசத்தையும் என்னிடம் தந்துவிட்டு ஓடினார். நான் படுக்கவில்லை. கடை திறக்கும்வரை வாசலில் குளிரில் நின்று சட்டையை மாற்றினேன். பெரிய அளவில் ரோசா இல்லை, மஞ்சள்தான் இருந்தது. இரண்டு பஸ் பிடித்துப் பயணக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிரவு மூடிகளுக்கு நடுவில் நின்றபடியே தூங்கி விழுந்தேன்.

'இப்போது' என்பது உலகம் முழுவதும் ஒன்றா என்று என் மகளின் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருக்கிறதாம். அண்ணையிடம் கேட்டிருக்க வேண்டும். கொழும்பில் மூன்றரை வருடம் ஓடிப்போயிருந்தது, அவருக்குள்ளே ஒரு நாளும் ஓடவில்லை. எது உண்மையான இப்போது என்று யார் தீர்ப்புச் சொல்வது? எனக்கு அந்தத் தகுதி இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பழையபடி லிஃப்டுகளுக்குள் பிரிந்துபோனோம். தை மாதம் ஒரு காலை வேலையால் வந்தபோது, தலையணையில் ஒரு கடிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. மனைவி அவருக்கு எழுதியது, நான் வாசிக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். சட்டை தைத்துப் போட்டதுபோல் அளவாக இருக்கிறதாம். பிள்ளை அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாளாம். "என்னைப் பார்க்காமலே நான் இவ்வளவு உயரம் என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்று எழுதியிருந்தார்.

அதன் கீழே பென்சிலால் அண்ணையின் எழுத்து: "தம்பி, இதுக்கு நான் என்ன பதில் எழுத?"

பேனையை எடுத்துக்கொண்டு மெத்தையில் இருந்தேன். பகல் போய், நான் வேலைக்குப் புறப்படும் நேரமும் வந்துவிட்டது. பேனையைக் கடிதத்தின் மேல் தலையணையில் வைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனேன்.