எட்டு கிலோவுக்கு ஒரு டிபன் கேரியர்

இன்னிக்கு எங்க ஷூ கம்பெனியில மெடிக்கல் கேம்ப். கேன்டீன்ல ரெண்டு டேபிள் போட்டிருந்தாங்க.

முதல் டேபிள்ல எடை. போன வருஷ நோட்டைப் பார்த்துட்டு நர்ஸ் கத்துனாங்க: "எட்டு கிலோ கம்மி! எல்லாரும் கை தட்டுங்க!"

ஸ்டிச்சிங் லைனே தட்டுச்சு. எச்.ஆர். மேடம் பரிசு குடுத்தாங்க. மூணு அடுக்கு டிபன் கேரியர்.

அதைத் தூக்கிட்டு ரெண்டாவது டேபிளுக்குப் போனேன். அங்க ஒரு டாக்டரம்மா. தூக்கம் வருதா, பசிக்குதா, எதுலயாவது மனசு போகுதான்னு கேட்டுக் கேட்டு டிக் அடிச்சாங்க. நெஜத்தைச் சொன்னேன்.

"எடை குறைஞ்சிருக்கா?"

"எட்டு கிலோ மேடம். அதுக்குத்தான் இந்தப் பரிசு."

அவங்க சிரிக்கலை. "மனச்சோர்வு மாதிரி தெரியுதுங்க. வேலூர் ஆஸ்பத்திரியில காட்டுங்க"ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க.

எனக்கு ஒண்ணும் புரியலை. "உடம்பைக் குறைங்க, மனசு தானா லேசாகும்"னு போன வருஷம் சொன்னதும் இதே கேம்ப்தான்.

திரும்பி வரும்போது மாதனூர் பஸ்ல, என்கூட வேலை பார்க்கிற ஷகிலா கேட்டா: "இன்னா டயட்டுடி? எனக்கும் சொல்லேன்."

தினமும் நான் சோத்தைப் பிசைஞ்சிட்டு அப்படியே கொட்டுறதைப் பக்கத்துல உக்காந்து பார்க்கிறவ அவ.

சீட்டை கேரியரோட மேல் அடுக்குல போட்டு மூடி வச்சிருக்கேன். வீட்ல எல்லாரும் கேரியரை "சூப்பரா இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. யாரும் இன்னும் திறக்கலை.

யாராவது திறக்கணும்னு காத்திருக்கேனா, திறந்துடுவாங்கன்னு பயப்படுறேனா? தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.