மதர்போர்டோடு சேர்த்து ஒரு வெல்டிங்

புது மதர்போர்டு என் பழைய கம்ப்யூட்டர் கேபினெட்ல உக்காரல. ஸ்க்ரூ மாட்டுற இடமே வேற.

கேபினெட்டை மாத்த மாட்டேன். இப்ப வர்றதெல்லாம் அப்பளம்.

பஸ் பிடிச்சு மலையிறங்கி, சந்தவாசல் வெல்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "உள்ள நாலு நட்டு பத்த வச்சிக் குடுங்கண்ணா." அளவுக்கு போர்டையும் குடுத்துட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தா, போர்டு கேபினெட்டுக்குள்ள! அவரு வெல்டிங் ராடோட குனிஞ்சி நிக்கிறாரு. ஒரு மூலையில ஏற்கெனவே புகை.

"அண்ணா, நிறுத்துங்க!" தெருவே திரும்பிப் பார்த்துச்சு.

"இன்னாம்மா? இரும்பு கேட்டை நிக்க வச்சிதான் கீலைப் பத்த வைப்போம். அப்பதானே அளவு தப்பாது?"

அவருக்கு அது கேட்டு. எனக்கு அதுல வேலை பார்த்தாதான் நாளைக்குப் பொழைப்பு. வெல்டிங் கரண்டு போர்டுல பாஞ்சிருந்தா அவ்ளோதான்.

போர்டைக் கழட்டிட்டு மிச்சத்தை முடிச்சிக் குடுத்தாரு. கேபினெட்டை மடியில வச்சிக்கிட்டு பஸ்ஸுல மலையேறினேன்.

வூட்ல எல்லாத்தையும் மாட்டியாச்சு.

"பவர் பொத்தானை அமுத்திப் பாரேன், இன்னா ஆயிடப்போவுது?"ன்னாரு வூட்டுக்காரரு.

"நீங்களே அமுத்துங்க"ன்னேன்.

மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு நழுவிட்டாரு.

பொத்தானையே பார்த்துக்கிட்டு இதைப் போன்ல அடிக்கிறேன். மலையேறி வந்து அமுத்துற தைரியம் யாருக்காவது இருக்கா?